தாலி போதாது, தாளும் வேண்டும்

வெளிநாட்டில் இருக்கும் கணவனுடன் சேர்ந்து வாழ ஒரு பெண் எத்தனை முறை தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டும்? தில்லியின் தூதரக வீதிகளில் இந்தக் கேள்விக்கு நீண்ட, சில சமயம் அவமானகரமான வரலாறு உண்டு.

கல்யாணம் முடிந்துவிட்டது. மெட்டியின் பளபளப்புகூட மங்கவில்லை. மாப்பிள்ளை மூன்று வார விடுப்பு முடிந்து விமானம் ஏறிவிட்டார். மணப்பெண்ணுக்கு மிஞ்சியது ஒரு பாடப்புத்தகம். தில்லி கஸ்தூர்பா காந்தி மார்க்கில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் அவள் தன்னை ஜெர்மன் மொழியில் அறிமுகப்படுத்திக்கொள்ளப் பழகுகிறாள். பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை, பொழுதுபோக்கு என்ன. உச்சரிப்பு வசப்பட வேண்டும். கணவனுடன் குடித்தனம் தொடங்குவது அதைப் பொறுத்திருக்கிறது.

இது 2007 ஆகஸ்டு 28இல் ஜெர்மனியில் அமலுக்கு வந்த சட்டத்தின் விளைவு. அங்கே வசிக்கும் ஒருவரின் மனைவியோ கணவனோ அவருடன் சேர விரும்பினால், வயது பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். அதோடு புறப்படும் முன்பே 'ஏ 1' எனப்படும் தொடக்கநிலை ஜெர்மன் அறிவைக் காட்ட வேண்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். தேற நூற்றுக்கு 60 மதிப்பெண். சுமார் 650 சொற்கள் தெரிந்தால் சமாளிக்கலாம். ஆங்கிலப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றவளுக்கு இது சில மாத வேலை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட கிராமத்துப் பெண்ணுக்கு இது மலை.

எல்லோரும் இந்த மலையை ஏற வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, தென்கொரியா போன்ற நாட்டவரின் துணைவர்களுக்கு விலக்கு உண்டு. 2012 ஆகஸ்டில் ஜெர்மனி அறிமுகப்படுத்திய 'நீல அட்டை' வைத்திருக்கும் உயர் சம்பளக்காரரின் மனைவிக்கும் தேர்வு இல்லை. போய் இறங்கியதும் வேலையும் பார்க்கலாம். ஜெர்மனியில் வசிக்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்தியப் பெண்ணை மணந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி அவளுக்குத் தேர்வு கிடையாது. அதே பெண் ஜெர்மானியரையே மணந்தால் தேர்வு எழுத வேண்டும். கணினிப் பொறியாளரின் மனைவிக்குத் திறக்கும் கதவு சமையற்காரரின் மனைவிக்கு மெதுவாகத்தான் திறக்கிறது.

வெளிநாட்டிலேயே தேர்வு வைக்கும் யோசனையில் ஜெர்மனிக்கு முன்னோடி நெதர்லாந்து. 2006 மார்ச் 15 முதல் அங்கே குடியேற விரும்பும் துணைவர்கள் தங்கள் நாட்டிலுள்ள தூதரகத்தில் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. அப்போது தொலைபேசி வழியாகக் கேள்வி வந்தது. பதிலைத் திருத்தியது கணினி. 2015 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தேர்வு தவறில்லை, ஆனால் குடும்பம் சேர்வதையே முடியாத காரியமாக்கும் அளவுக்கு அது கடுமையாகக் கூடாது என்றது. ஜெர்மனியின் உயர் நிர்வாக நீதிமன்றமும் 2012இல் ஒரு தளர்வைத் தந்தது. ஜெர்மன் குடிமகனின் மனைவி ஓராண்டு முயன்றும் மொழி வசப்படவில்லை என்றால் அதற்காக அவளைத் தடுக்க முடியாது.

காகித யுத்தம்

மொழித் தேர்வு தாண்டினால் அடுத்தது காகிதம். கோயிலில் நடந்த திருமணத்துக்கு அழைப்பிதழும் ஆல்பமும் போதும் என்று நினைத்த காலம் உண்டு. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று சொன்னதன் தொடர்ச்சி இது. அதற்கு முந்தைய தலைமுறைத் தம்பதிகள் பலர் விசாவுக்காகவே பேரப்பிள்ளை பிறந்த பிறகு பதிவாளர் முன் நின்றிருக்கிறார்கள்.

பதிவுச் சான்றிதழ் கையில் வந்தாலும் பயணம் முடியாது. மாநில அரசின் முத்திரை, பிறகு தில்லி பாட்டியாலா ஹவுஸில் இயங்கும் வெளியுறவு அமைச்சகப் பிரிவின் முத்திரை என்று காகிதம் ஊர்வலம் போகிறது. பொது ஆவணங்களை ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ளும் 'அப்போஸ்டில்' உடன்படிக்கை 2005 ஜூலையில் இந்தியாவுக்கு அமலுக்கு வந்தது. ஜெர்மனி அப்போதே ஆட்சேபம் தெரிவித்தது. எனவே அந்த நாட்டுக்குப் போகிறவர்களின் சான்றிதழ்கள் ஊருக்கே ஆளனுப்பிச் சரிபார்க்கப்படும் முறை வந்தது.

தமிழர்களுக்குக் கூடுதல் தலைவலி பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்தவளிடம் 'குடும்பப் பெயர் என்ன' என்று கேட்கிறது விண்ணப்பம். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் விரிந்த பெயர், திருமணச் சான்றிதழில் கணவன் பெயர். மூன்றும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பெண்ணின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அச்சாகும்.

உடலே சாட்சியான நாட்கள்

காகிதத்தை நம்பாத அதிகாரிகள் ஒரு காலத்தில் உடலையே சாட்சியாக்கினார்கள். 1979 ஜனவரி 24. லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் வந்திறங்கினார். லண்டனில் வசித்த இந்திய வம்சாவளியினர் ஒருவரை மணக்க வந்தவர். அன்றைய விதிப்படி மூன்று மாதத்துக்குள் திருமணம் செய்துகொள்ளப்போகும் பெண்ணுக்கு முன்கூட்டிய அனுமதி தேவையில்லை. மனைவிக்கோ தேவை. அதற்கு இந்தியத் துணைக்கண்டத்தில் நீண்ட காத்திருப்பு. இவர் ஏற்கனவே மணமானவராக இருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். மருத்துவரை அழைத்து அவர் கன்னிப்பெண்தானா என்று சோதித்தார்கள்.

பிப்ரவரி முதல் தேதி கார்டியன் நாளிதழ் இதை வெளியிட்டது. இந்தியாவில் கடும் கண்டனம் எழுந்தது. பிரிட்டிஷ் உள்துறைச் செயலர் மெர்லின் ரீஸ் இத்தகைய சோதனைக்குத் தடை விதித்தார். விமான நிலையத்தில் நடந்த ஓர் அத்துமீறல் என்ற அளவில் விஷயம் அடங்கிப்போனது. ஆனால் உண்மை அப்படியல்ல. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவான் ஸ்மித்தும் மரினெல்லா மார்மோவும் தோண்டியெடுத்த அரசு ஆவணங்கள் 2011இல் வெளிச்சத்துக்கு வந்தன. குறைந்தது 80 பெண்கள் இப்படிச் சோதிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலான சோதனைகள் நடந்த இடம் லண்டன் அல்ல, தில்லி. கணவனிடம் போவதற்காக மனுவோடு வந்த பெண்கள் தங்கள் சொந்த நாட்டின் தலைநகரிலேயே அவமதிக்கப்பட்டிருந்தார்கள்.

குழந்தைகளும் தப்பவில்லை. வயது சரிதானா என்று பார்க்க எலும்பு எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் 1980களின் தொடக்கம் வரை இருந்தது. 1985இல் அலெக் ஜெஃப்ரீஸின் மரபணு ரேகை முறை, கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனைத் தாயோடு சேர்த்துவைத்தது. குடியேற்ற வழக்கில் விஞ்ஞானம் குடும்பத்தின் பக்கம் நின்ற முதல் சம்பவம் அது.

அதே ஆண்டு மே 28இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. பிரிட்டனில் குடியேறிய ஆண் மனைவியை அழைப்பது சுலபம், பெண் கணவனை அழைப்பது கஷ்டம் என்ற விதியை எதிர்த்து அப்துல் அஜீஸ், கபாலெஸ், பல்கந்தலி என்ற மூன்று பெண்கள் வழக்காடியிருந்தார்கள். ஆண், பெண் பேதம் காட்டுவது தவறு என்றது நீதிமன்றம். பிரிட்டன் பேதத்தை நீக்கியது. எப்படி? ஆண்களுக்கும் விதியைக் கஷ்டமாக்கி.

வள்ளியம்மையின் வழக்கு

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1913 மார்ச் 14இல் தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பும் கணவனிடம் வந்த ஒரு மனைவியைப் பற்றியதே. இந்தியாவில் முஸ்லிம் முறைப்படி மணந்த பாய் மரியம் கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்பது தீர்ப்பின் விளைவு. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்திய மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாமல் போனார்கள்.

அதுவரை வீட்டுக்குள் இருந்த தமிழ்ப் பெண்கள் காந்தியின் சத்தியாகிரகத்தில் குதித்தது இதற்குப் பிறகுதான். மூன்று பவுன் வரியோடு இந்த அவமானமும் போராட்டத்தின் காரணமாயிற்று. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது அவருக்கு வயது 16. அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்களை ஏற்றது.

சம்பளம் என்ற அளவுகோல்

இன்றைய அரசுகள் சடங்கைக் கேட்பதில்லை, சம்பளச் சீட்டைக் கேட்கின்றன. பிரிட்டனில் துணைவரை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருக்க வேண்டும் என்று 2012 ஜூலையில் விதி வந்தது. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதியை அடிப்படையில் ஏற்றாலும் குழந்தைகளின் நலனைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று குட்டியது. 2024 ஏப்ரலில் வரம்பு 29,000 பவுனாக உயர்ந்தது. அதே ஆண்டு மார்ச் 11 முதல், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாமல் போனது. அடுத்தவர் பெற்றோரைக் கவனிக்கப் போனவர் தன் பிள்ளையை ஊரில் விட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

வளைகுடா இதில் சீனியர். சவூதி அரேபியா 2017 ஜூலையில் உடன் வசிக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, 2020க்குள் அதை 400 ஆக்கியது. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். பல குடும்பங்கள் ஊர் திரும்பின.

அரசுகளின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. விசாவுக்காக நடக்கும் போலித் திருமணங்கள் உண்டு. கட்டாயத் திருமணத்துக்கு இழுத்து வரப்படும் பெண்கள் உண்டு. மொழி தெரிந்தவள் அண்டை வீட்டாரிடமோ போலீசிடமோ உதவி கேட்க முடியும் என்பதும் நியாயமே. மனைவியின் அனுமதி கணவனைச் சார்ந்தே இருக்கிறது. ஜெர்மனியில் அவள் தனித்து வசிக்கும் உரிமை பெற அந்த நாட்டில் மூன்றாண்டு தாம்பத்தியம் தேவை. 2011 வரை அது இரண்டாண்டாக இருந்தது. கொடுமை நிரூபணமானால் விலக்கு உண்டு.

தில்லியில் தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடு வாழ் இந்தியர் பிரிவுக்கு வரும் புகார்கள் இதன் மறுபக்கம்: தாலி கட்டி, வரதட்சணை வாங்கி, விசா வரும் என்று சொல்லிவிட்டுப் போய் மறைந்த கணவர்கள். வெளிநாடு வாழ் இந்தியரின் திருமணத்தை 30 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் விரிவான தனிச் சட்டமே வேண்டும் என்று பரிந்துரைத்தது. தூதரகத்தில் எரிச்சலூட்டும் அதே காகிதம், கைவிடப்பட்டவளுக்கு நீதிமன்றத்தில் கடைசித் துணை.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் முகூர்த்த நாளோடு பதிவு நாளையும் குறித்துக்கொள்வது நல்லது. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பவர்கள், அவர் வைத்திருப்பது எந்த வகை அனுமதி, அதில் மனைவிக்கு என்ன உரிமை என்றும் கேட்கலாம். கஸ்தூர்பா காந்தி மார்க்கில் பாடம் படிக்கும் புதுப்பெண் தேர்வில் தேறிவிடுவாள். அவள் படித்த 650 சொற்களில் முதலில் பயன்படப்போவது, விமான நிலையத்தில் அதிகாரியிடம் தான் யார் என்று சொல்வதற்குத்தான்.