கணினியில் விழுந்த 'பேர்' அழியாதிருக்க வேண்டும்

மழையும் காற்றும் மிகும் நாட்களில் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் மின்சாரம் எப்போது துண்டிக்கப்படும் என்று எவராலும் கூற முடிவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அமுலானதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே வேளையில் மின்சாரத்தை இழந்ததையும், அவ்வாண்டு நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்ததையும் நாம் மறந்துவிடவில்லை. இத்தகைய சூழலில், தோட்டக் கணக்குகள் கடதாசியிலிருந்து கணினிக்கு மாறும்போது ஒரு கேள்வி எழுகிறது. மின்சாரம் நிற்கும் அக்கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கணக்கு என்னவாகிறது?

இது தொழில்நுட்பவியலாளர் மட்டும் கவலைப்பட வேண்டிய விடயமன்று. மலையகத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்றே பெயர். செக்ரோலில் பேர் விழாவிட்டால் சம்பளமில்லை. அரைப்பேர் விழுந்தால் அரைச் சம்பளமே. ஊழியர் சேமலாப நிதியும் அந்தச் சம்பளத்தை ஒட்டியே கணிக்கப்படுகின்றது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கென அறிவிக்கப்பட்ட 200 ரூபா வரவு ஊக்குவிப்புத் தொகையும் வரவுப் பதிவிலேயே தங்கியுள்ளது. எனவே கணினியில் ஒரு வரி அழிவதென்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு அழிவதாகும்.

'சேமிக்கப்பட்டது' என்று திரை அறிவித்தவுடன் தகவல் வன்தட்டில் பதிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வேகத்துக்காக இயங்குதளம் தகவலை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சில விநாடிகள் கழித்தே, சிலவேளை அரை நிமிடம் வரை தாமதித்தே, தட்டில் எழுதுகிறது. அவ்விடைவெளியில் மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருந்தவை மறைந்துபோகும். பழைய கோப்பின் மீதே புதியதை எழுதிக்கொண்டிருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். பாதி பழையதும் பாதி புதியதுமாகி, இரண்டுமே பயனற்றுப்போகலாம்.

இதற்கான பரிகாரம் அறியப்படாததன்று. மென்பொருளானது பழைய கோப்பைத் தொடாமல், புதிய விபரத்தை முதலில் வேறொரு தற்காலிகக் கோப்பில் எழுத வேண்டும். பின்னர் அது தட்டில் உண்மையாகவே பதியும் வரை காத்திருக்குமாறு இயங்குதளத்தைப் பணிக்க வேண்டும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இதற்கான கட்டளை எஃப்சிங்க் எனப்படும். அதன் பிறகே தற்காலிகக் கோப்புக்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்ட வேண்டும். இம்முறையில் எக்கணத்தில் மின்சாரம் நின்றாலும், பழையது முழுமையாக இருக்கும் அல்லது புதியது முழுமையாக இருக்கும், அரைகுறையானது எஞ்சாது.

இந்த ஒழுங்கைப் புறக்கணித்தால் நேர்வதை 2009ஆம் ஆண்டில் லினக்ஸ் பயனாளர்கள் கண்டனர். அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், கணினி திடீரென நின்று மீண்டும் இயங்கியபோது, சில கோப்புகள் பெயர் மாத்திரம் எஞ்சி உள்ளே வெறுமையாக இருந்தன. தட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொள்ளாத மென்பொருள்களே அதிகம் பாதிக்கப்பட்டன.

தரவுத்தளங்கள் கையாளும் முறையோ நம் வர்த்தகர்களுக்குப் பழக்கமானது. ஹட்டன் கடைவீதியில் வியாபாரத்தை முதலில் சிட்டையில் குறித்து, பின்னர் பேரேட்டில் ஏற்றுவது வழக்கம். பேரேட்டில் ஏற்றுகையில் இடையூறு நேர்ந்தாலும் சிட்டையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். தரவுத்தளமும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்து, பின்னரே உரிய இடத்தில் எழுதுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சியும் வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் ஸூறா அல்பகரா பணிப்பதன் உட்பொருளும் இதுவே. வாய்ச்சொல் போதாது, ஐயம் எழும்போது காட்டுவதற்குப் பதிவு வேண்டும்.

எனினும், பாதுகாப்பாக எழுதுவது மாத்திரம் போதுமானதன்று. 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. உரிய காப்புப் பிரதி இல்லாமையே அதற்குக் காரணம். ஆகவே வேறோரிடத்தில் வைக்கப்படும் பிரதியும், அந்தந்த நாளில் தொழிலாளியின் கையில் கிடைக்கும் துண்டுச்சீட்டும் அவசியமாகும்.

பதிவின் அருமையை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர், இந்நாட்டிலேயே பிறந்து உழைத்தவர்கள் அதனை நிரூபிக்கும் ஆவணமின்றி நாடற்றவராக நின்ற வரலாறு நம்முடையது. அந்த இழப்பு வேறொரு வடிவில் மீண்டும் வந்துவிடக்கூடாது.

எனவே பெருந்தோட்டக் கம்பனிகளும் பிரதேச செயலகங்களும் மென்பொருளைக் கொள்வனவு செய்யுமுன் ஒரு பரீட்சையை நடத்த வேண்டும். பதிவு நடைபெறும்போதே மின்னிணைப்பைப் பலமுறை துண்டித்து, 'சேமிக்கப்பட்டது' என்று காட்டப்பட்ட ஒவ்வொரு பதிவும் எஞ்சியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்களும் அதனை வலியுறுத்த வேண்டும். இப்பரீட்சையில் தேறாத மென்பொருளிடம் தொழிலாளியின் பேரை ஒப்படைக்கலாகாது என்பதே நமது நிலைப்பாடாகும்.