திராட்சைக்குக் குளிர்காலம் எதற்கு?

மார்கழியிலும் மின்விசிறி ஓடும் ஊர் தூத்துக்குடி. திராட்சைக் கொடியின் பழக்கமோ வேறு. குளிர் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். போதிய குளிர் கண்ட பிறகே கண்கள் ஒருசேரத் துளிர்க்கும்.

அந்தக் கண்ணைக் குறுக்கே வெட்டினால் உள்ளே மூன்று மொட்டுகள் தெரியும். குலை தள்ளுவதில் நடுமொட்டுதான் முதல்; கடுங்குளிரில் முதலில் சாவதும் அதுதான். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனாலும் மொட்டுக்குள் இருக்கும் நீர் உடனே உறைவதில்லை. ஐரோப்பியத் திராட்சையில் ஏறத்தாழ -20, -25 டிகிரி வரை அப்படித் தாக்குப்பிடிக்கும். அதற்கும் கீழே போனால் நீர் பனிக்கட்டியாகி மொட்டு செத்துவிடும். அதனால்தான் சீனாவின் நிங்சியாவில் குளிர்காலம் முழுக்கக் கொடியைத் தரையில் சாய்த்து மண்ணால் மூடி வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் கொடியையே மாற்றப் பார்த்தது. அங்கே ஆற்றோரங்களில் தானாக வளரும் ரிப்பாரியா என்ற காட்டுத் திராட்சை -35 டிகிரியையும் தாங்கும். ஆனால் பழம் சிறியது, கடும் புளிப்பு. 1978இல் அதைப் பிரெஞ்சுக் கலப்பினம் ஒன்றோடு சேர்த்தார்கள். இந்த வேலையில் பூ விரியும் முன்பே மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நீக்கி, வேற்றுக் கொடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். விதை முளைத்துக் காய்க்கவே சில ஆண்டுகள் ஆகும். 'ஃப்ரான்டினாக்' என்ற அந்த ரகம் 1996இல்தான் விவசாயிகள் கைக்கு வந்தது. 18 ஆண்டு காத்திருந்த அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

நம் பக்கம் சிக்கல் தலைகீழ். குளிரே இல்லாததால் கொடி தூங்குவதில்லை. விட்டால் நுனிக் கண் மட்டும் துளிர்த்து ஓடிக்கொண்டே இருக்கும். தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குக் கவாத்துதான் மருந்து. பந்தலில் முற்றிய கொம்புகளை நாலைந்து கண் விட்டு வெட்டுகிறார்கள். வெட்டு பட்டதும் தூக்கம் கலைந்ததுபோல் அடிக்கண்கள் துளிர்க்கும், பூக்கும். சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் ஆண்டு முழுவதும் கம்பத்தில் பழம் உண்டு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தூத்துக்குடிக் கொல்லையில் கொடி வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. உங்களுக்குக் குளிர் இல்லாததைவிட உவர்நீர்தான் பெரிய தொல்லை. இலை விளிம்பைக் கருக்கிவிடும். டெக்சாஸ் காட்டுத் திராட்சையிலிருந்து வந்த 'டாக்ரிட்ஜ்' வேர் உப்பை ஓரளவு தாங்கும். அதன்மேல் ஒட்டுக் கட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.