கர்னல் ஜான் மன்றோ: திவானாகிய படைவீரர்

மன்றோ என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் நினைவில் எழுவது, சென்னைத் தீவுத்திடலில் குதிரைமீது வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலையே. ஆனால் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்கள் அங்குக் கேள்வியுறும் மன்றோ வேறொருவர். அவர் கர்னல் ஜான் மன்றோ.

ஸ்காட்லாந்தில் 1778-ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையிலேயே கம்பெனியின் சென்னைச் சேனையில் சேர்ந்தார். 1799-இல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண யுத்தத்தில் பங்கு கொண்டார். பின்னர்ச் சேனையின் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஆனார். அதிகாரிகள் பெற்றுவந்த கூடாரப் படியைக் குறைகூறி இவர் அளித்த அறிக்கை, சக அதிகாரிகளின் கடுஞ்சினத்தைக் கிளப்பிற்று. 1809-இல் வெள்ளை அதிகாரிகளே செய்த கலகத்திற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

அதே ஆண்டில்தான் திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி அடக்கப்பெற்றது. மறு ஆண்டு மன்றோ அங்கு ரெசிடெண்டாக வந்தார். கம்பெனிக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கப்பம் செலுத்தவேண்டிய சமஸ்தானம் கடனில் மூழ்கியிருந்தது. 1811-இல் இளம் ராணி கௌரி லட்சுமிபாய், உம்மிணித்தம்பியைத் திவான் பதவியினின்று நீக்கி, மன்றோவையே திவானாக நியமித்தார்.

சமஸ்தானத்தைக் கம்பெனியின் சார்பில் கண்காணிப்பவர் ரெசிடெண்டு. கண்காணிப்பிற்கு உட்பட்டவர் திவான். இவ்விரு பதவிகளும் ஒருவர் கைக்கே வந்துவிட்டன. தவறு நேரின் தட்டிக்கேட்பார் யார்?

மன்றோ செய்த நன்மைகள் பல. வரிவசூலும் நீதி வழங்கலும் ஒருவரிடமே இருந்த நிலையை மாற்றி, ஜில்லாக் கோர்ட்டுகளை அமைத்தார். 'காரியக்கார்' எனப்பட்டோர் தாசில்தார் ஆயினர். அடிமை வாணிகத்தைத் தடுக்கும் ராணியின் பிரகடனம் 1812-இல் வெளியாயிற்று.

எனினும், முந்நூறுக்கும் மேற்பட்ட பெரிய தேவஸ்வங்களின் நிலங்கள் அரசின்வசம் ஆனதும் இவர் காலத்திலேயே. கோயில் செலவை அரசு ஏற்றது. மிகுந்த வருவாயோ கஜானாவைச் சேர்ந்தது. ஊரார் பொறுப்பில் இருந்த கோயில்கள் அரசாங்க இலாகாவின்கீழ் வந்தன. இன்றைய தேவஸ்வம் போர்டு நிர்வாகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1814-இல் திவான் பதவியையும், 1819-இல் ரெசிடெண்டு பதவியையும் விட்டகன்ற மன்றோ, பின்னாளில் ஜெனரல் பட்டம் பெற்று, 1858-இல் காலமானார். கொல்லத்தருகே அஷ்டமுடிக் காயலோரம் உள்ள மன்றோத் துருத்து இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

திறமையும் நேர்மையும் வாய்ந்த ஒருவரிடம் அதிகாரம் முழுவதும் குவிந்தால், காரியங்கள் விரைவில் முடியும் என்பது உண்மை. ஆயினும், அவர் கொடுத்ததையும் எடுத்ததையும் மக்கள் நெடுங்காலம் சுமக்கவேண்டியிருக்கும் என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.