வெல்டு உடையல, பக்கத்துல பைப்பு உடைஞ்சது

(ஒலிப்பதிவிலிருந்து எழுதித் திருத்தப்பட்டது)

இந்த வாரம் சாஃப்ட்வேர் இல்ல. இரும்பு.

எனக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. அங்க வளர்ந்தா ஒரு விஷயம் சின்ன வயசுலயே தெரிஞ்சுடும்: தனித்தனியா சும்மா கிடக்கிற ரெண்டு பொருள், ஒண்ணா சேர்ந்தா சும்மா இருக்காது. பட்டாசு மருந்துல மட்டும்னு நினைச்சிருந்தேன். இரும்புலயும் அப்படித்தான்னு சொன்னது என் பெரியப்பா மகன்.

அண்ணன் பட்டாசு ஆலைக்குப் போகாம ஐ.டி.ஐ. படிச்சு வெல்டர் ஆனவர். ஒரு மின் நிலையத்துல கான்ட்ராக்ட் வேலை. வெல்டர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் இருக்கும். போட்ட ஜாயின்ட் பக்கத்துல அந்த நம்பரையும் பதிவு பண்ணுவாங்க. அவர் போட்ட ஒரு ஜாயின்ட் எக்ஸ்-ரேயில சுத்தமா பாஸ் ஆச்சு. சில வருஷம் கழிச்சு அங்க நீராவி கசிஞ்சது. நம்பரைப் பார்த்தாங்க, கேட் பாஸை வாங்கிட்டாங்க.

"டேய் தம்பி, என் வெல்டு உடையல. பக்கத்துல பைப்பு உடைஞ்சிருக்கு"ன்னு அண்ணன் சொன்னார். முதல்ல நான் நம்பல. அப்புறம் உக்காந்து படிச்சேன்.

ஏன் ரெண்டு வகை பைப்பு?

கொதிகலன்ல எல்லா இடமும் ஒரே சூடு கிடையாது. ரொம்ப சூடான இடத்துல 304ஹெச், 347ஹெச் மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேணும். மத்த இடத்துல பி91 போதும்; அது 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் கலந்த எஃகு. எங்கயோ ஒரு இடத்துல ரெண்டும் சந்திச்சே ஆகணும்.

பிரச்சினை ஒண்ணு: விரிவு

ஒரு மீட்டர் பி91 பைப்பை 550 டிகிரிக்கு சூடாக்கினா ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் 9.5 மில்லிமீட்டருக்கு மேல. வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர். நிலையத்தை நிறுத்தி ஓட்டுற ஒவ்வொரு தடவையும் ஜாயின்ட்ல இந்த இழுபறி நடக்கும்.

பிரச்சினை ரெண்டு: கார்பன் நகர்வு

கார்பனுக்கு குரோமியம்னா பிடிக்கும். சூட்டுலயே பல வருஷம் இருந்தா, குரோமியம் குறைவான பி91-லிருந்து கார்பன் மெல்ல வெல்டு பக்கம் நகரும். கார்பன் போன இடம் மெலிஞ்சு மெத்துனு ஆகும். ஏற்கெனவே இழுபறி நடக்கிறதும் அதே கோட்டுல. அப்ப விரிசல் எங்க வரும்? வெல்டுக்குள்ள இல்ல, அதை ஒட்டின பி91 ஓரத்துல. போட்ட அன்னிக்கு எடுத்த எக்ஸ்-ரேயில இது தெரியாது. அன்னிக்கு அது இல்லவே இல்லையே!

அண்ணன் சொன்னது சரி.

நடுவுல என்ன கம்பி?

அவருக்கு அன்னிக்குக் கொடுத்தது 309 ஸ்டெயின்லெஸ் கம்பி. அது ஸ்டெயின்லெஸ் மாதிரியே விரியும், அதனால மொத்த இழுபறியும் பி91 ஓரத்துலயே விழும். இந்த இடத்துக்குச் சரியானது நிக்கல் கம்பி, இன்கோனல் 82 இல்ல 182. அதோட விரிவு ரெண்டுக்கும் நடுவுல. கார்பனும் நிக்கலுக்குள்ள அவ்வளவு சுலபமா நகராது. நம்ம வேலையில ஒத்துவராத ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல அடாப்டர் எழுதுவோமே, அதுதான்.

அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. பி91-ஐ 200 டிகிரிக்கு மேல சூடாக்கித்தான் வெல்டு பண்ணணும். முடிச்சு 100 டிகிரிக்கு கீழ ஆறவிட்டு, மறுபடி 750, 760 டிகிரியில வெச்சு எடுக்கணும். இல்லேன்னா கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை போகாது. ஆனா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 450-லிருந்து 850 டிகிரி வரைக்கும் ஆகாத சூடு. குரோமியம் கார்பனோட சேர்ந்து ஓரங்கள்ல படிஞ்சு, அரிப்பைத் தாங்கும் சக்தி குறையும்.

இதுக்கு வெல்டர்கள் 'பட்டரிங்'னு ஒரு வழி வெச்சிருக்காங்க. ரொட்டியில வெண்ணெய் தடவுற மாதிரி, பி91 முனையில மட்டும் முதல்ல நிக்கல் கம்பியைப் படிய வைப்பாங்க. அதைத் தனியா சூட்டுச் சிகிச்சைக்கு அனுப்புவாங்க. அப்புறம் அந்த நிக்கல் முகத்தோட ஸ்டெயின்லெஸ் பைப்பை இணைப்பாங்க. மறுபடி சூடாக்க வேண்டியதில்ல. முதல் பாஸ் டிக், பைப்புக்குள்ள ஆர்கான் வாயு ஓடிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா உள்பக்கம் கருகி, சர்க்கரைப் பாகு மாதிரி பொரிஞ்சுடும்.

நம்ம ஊர்லயே

இது வெளிநாட்டுக் கதை இல்ல. திருச்சி பெல் வளாகத்துல 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஒரு படி மேல போச்சு. 500 மெகாவாட் வேக ஈனுலைக்கு, 316எல்என் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் 9 குரோமியம் எஃகுக்கும் நடுவுல 'அலாய் 800'னு மூணாவதா ஒரு உலோகத் துண்டையே வெச்சாங்க. விரிவு படிப்படியா மாறும், இழுபறி ஒரே கோட்டுல விழாது. உலையில ஓடுறது திரவ சோடியம். நீராவி உற்பத்திக் கலத்துல அதுக்குப் பக்கத்துலயே தண்ணி. அந்த இடத்துல அசட்டையா இருக்க முடியாது.

கடைசியா

அண்ணன் இப்ப வேற இடத்துல வேலை பார்க்கிறார். அந்த நிலையத்துலேர்ந்து யாரும் கூப்பிட்டு "தப்பு உங்களோடது இல்ல"ன்னு சொல்லல. "நம்பர் என்னோடது, கம்பி அவங்க கொடுத்தது"ன்னு மட்டும் சொல்வார்.

இப்ப அவர் ஒரு பழக்கம் வெச்சிருக்கார். டார்ச்சைத் தொடுறதுக்கு முன்னாடி டபிள்யூ.பி.எஸ். தாளை வாங்கிப் படிப்பார். எந்தக் கம்பி, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் எல்லாம் அதுல இருக்கும். கையில கொடுத்த கம்பி தாள்ல இருக்கிற கம்பி இல்லேன்னா, எழுதிக் கொடுங்கன்னு கேட்பார்.

வெல்டிங் படிக்கிற தம்பி தங்கச்சி யாராவது இதைக் கேட்டா, அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.