விண்கல்லிலிருந்து உருண்டைகளைப் பிரிப்பது எப்படி?

காண்ட்ரூல்கள் என்பவை பாறை விண்கற்களில் பொதிந்திருக்கும் சிறு உருண்டைகள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், இளம் சூரியனைச் சுற்றிய தூசு உருகித் துளிகளாகிக் குளிர்ந்ததில் பிறந்தவை. உருக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. ஒவ்வோர் உருண்டையையும் தனியே பிரித்து ஆராய்வது அதற்காகத்தான்.

எல்லாக் கற்களும் இதற்கு இடம் தருவதில்லை. தாய்ச் சிறுகோளுக்குள் நெடுங்காலம் சூடேறிய கல்லில் உருண்டையும் சுற்றியுள்ள பொடியும் ஒன்றாக இறுகிவிடும். 1899 மார்ச்சில் பின்லாந்தின் போர்வோ அருகே உறைந்த கடலைத் துளைத்து விழுந்த பியூர்பெலே விண்கல் நேர்மாறானது. எளிதில் பொடிந்துபோகும் அதிலிருந்து, மாதுளை முத்துகளைப் போல உருண்டைகள் முழுசாகக் கழன்று வரும்.

சுத்தியலால் அடித்தால் உருண்டைகளும் சேர்ந்து நொறுங்கும். எனவே கல்துண்டை நீரில் ஊறவைத்து மாறிமாறி உறையவும் உருகவும் விடுகிறார்கள். உறையும் நீர் சுமார் 9 விழுக்காடு விரிந்து நுண்துளைகளை அகட்ட, பல சுற்றுகளில் பிணைப்பு தளர்கிறது. பிறகு சலித்து, நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் பொறுக்க வேண்டியதுதான். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் அது. கல்லிலுள்ள இரும்புத் துகள்கள் துருப்பிடிக்கும் என்பதால் ஈரத்தை உடனே உலர்த்திவிட வேண்டும்.