நிரலோடு உரிமத்தையும் கொடுங்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று முதல் சில நாட்கள் உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லை. எந்த லயத்தில் யார் இருந்தார், முகாமுக்கு யார் வந்தார், யாரைக் காணவில்லை என்ற பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அந்த வேலைக்கென்றே ஒரு மென்பொருள் இலங்கையில் பிறந்திருக்கிறது. 2004 டிசெம்பர் சுனாமிக்குப் பின் கணினித் துறைத் தொண்டர்கள் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனோடு சேர்ந்து எழுதிய ‘சஹானா’ அது. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள், உதவி நிறுவனங்கள் என எல்லாவற்றையும் அதில் பதியலாம். எழுதியவர்கள் அதைக் கட்டற்ற மென்பொருளாக, எல்ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸின் தெற்கு லெய்தேயில் ஒரு கிராமத்தையே மூடிய மண்சரிவிலும் அது பயன்பட்டது. ஒவ்வொரு முறையும் கொழும்பிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நிலை இருக்கவில்லை. அந்த அனுமதியை உரிமம் முன்கூட்டியே கொடுத்துவிட்டது.

நிரலை இணையத்தில் போட்டுவிட்டால், உரிமம் இல்லாமலே யாரும் எடுக்கலாம் என்று நம் மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கணினி நிரலும் பதிப்புரிமை உள்ள படைப்பு. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதியவுடனேயே உரிமை பிறந்துவிடும். அது ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே உரிமம் இல்லாத நிரல், படிக்கக் கிடைத்தாலும் சட்டத்தின் பார்வையில் பூட்டிக் கிடப்பதுதான்.

அப்படியானால் ‘உரிமையே வேண்டாம், எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பொது உரிமைப் பரப்பில் விட்டுவிடலாமே? எஸ்கியூலைட் தரவுத்தளம் அப்படித்தான் வெளியானது. இன்று அது இல்லாத கைத்தொலைபேசி அரிது. ஆனால் பதிப்புரிமையை முழுதாகக் கைவிட எல்லா நாட்டுச் சட்டமும் இடம் தருவதில்லை. அதனால் சில நிறுவனங்கள் எஸ்கியூலைட்டுக்குக் கூட எழுத்தில் உறுதிப் பத்திரம் வாங்கிக்கொள்கின்றன. இந்தச் சிக்கலுக்காகவே 2009இல் ‘சிசி சீரோ’ வந்தது: உரிமையைக் கைவிடுவது செல்லாத நாட்டில், அதுவே தாராளமான உரிமமாக நிற்கும். ஆனால் ஆக்கவுரிமங்களை, அதாவது பேட்டன்ட்களை, அது தொடுவதில்லை. அதைக் காரணம் காட்டி ஃபெடோரா லினக்ஸ் 2022இல் நிரல்களுக்கு சிசி சீரோவை ஏற்பதை நிறுத்தியது. தரவுக்கும் வரைபடத்துக்கும் அது நல்ல தேர்வு. நிரலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிரலுக்கு இரண்டு வழிகள் உண்டு. எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் காப்பாற்றுவதே முக்கிய நிபந்தனை. மாற்றி எழுதியதை மூடியும் விற்கலாம். அப்பாச்சி ஆக்கவுரிமத்துக்கும் வெளிப்படையாக அனுமதி தருகிறது. ஜிபிஎல் வேறு வகை: மாற்றிய நிரலைப் பிறருக்குக் கொடுப்பவர் அதே சுதந்திரத்தோடு, மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இங்கே ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பேரிடர் மென்பொருள் பெரும்பாலும் சேர்வரில் ஓடுகிறது. மக்கள் அதை உலாவியில்தான் பார்க்கிறார்கள். சேர்வரில் ஓட்டுவது ‘கொடுப்பது’ ஆகாததால், ஜிபிஎல் அங்கே கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளியை அடைக்க வந்தது ஏஜிபிஎல். அதன் இன்றைய பதிப்பு 2007இல் வெளியானது.

சஹானாவின் பிந்திய வடிவமான ‘ஈடன்’ எம்ஐடி உரிமத்தில் வெளிவந்தது. நிவாரண மென்பொருளுக்கு அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் நடுவில் ஓர் அரச அலுவலகமோ உதவி நிறுவனமோ சட்ட ஆலோசனைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தையோ கொழுந்து நிறையையோ கணக்கிடும் மென்பொருள் எழுதினால் ஏஜிபிஎல்தான் என் தேர்வு. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்கும் உரிமை அந்தச் சேர்வரைப் பயன்படுத்தும் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும்.

இந்த உரிமங்கள் எல்லாமே எந்த உத்தரவாதமும் இல்லை என்று சொல்கின்றன. எழுதியவரை அந்த வாசகம் காக்கும். மழை எச்சரிக்கைச் செயலியை நம்பி லயத்தில் தங்கும் குடும்பத்தை அது காக்காது. சோதித்துப் பார்க்கும் கடமை நம்முடையது. இன்னொன்று: வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே உரியது. அவரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

பதுளையிலும் ஊவாவெங்கும் நிரல் எழுதும் இளைஞர்கள், சொந்தமாக உரிம வாசகம் எழுத முயல வேண்டாம். உலகம் அறிந்த ஒன்றைத் தேர்ந்து, அதன் முழு வாசகத்தையும் உங்கள் பெயரோடும் ஆண்டோடும் ஒரு கோப்பில் எழுதி, முதல் நாளே நிரலோடு வையுங்கள். பத்துப் பேர் கைவைத்த பின் உரிமத்தை மாற்ற, அந்தப் பத்துப் பேரின் சம்மதத்தையும் தேடிப் போக வேண்டிவரும்.