முன்னச்சு எழுப்பும் ஒலிகள்

பழைய பிக்கப் வண்டியின் முன்புறத்தில் எழும் ஒலியை வெறும் காதால் தேடுபவர் எளிதில் ஏமாறுவார். எஃகில் ஒலி காற்றில் செல்வதைப்போல் ஏறத்தாழ பதினைந்து மடங்கு விரைந்து செல்லும். வலச் சக்கரத்தில் பிறந்த முனகல் சட்டகம் வழியே பரவி, ஓட்டுநரின் காலடியிலேயே பிறந்ததுபோல் கேட்கும். ஆகவே ஒலி எங்கே கேட்கிறது என்பதைவிட, எது சுழலும்போது கேட்கிறது என்பதே பயன்தரும் வினா. நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய வண்டிகளில் அவ்வினாவுக்கு விடைகாணும் கருவி வண்டியிலேயே அமைந்திருக்கிறது.

டொயோட்டா 1979இல் வெளியிட்ட நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ் இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் 1985 வரை விற்ற இவ்வகை வண்டிகளில் முன்சக்கரங்கள் இரண்டையும் திண்ணிய ஒரே அச்சு தாங்கியது. மாட்டுவண்டித் தச்சர் குடம் என்று சொல்லும் சக்கர நடுப்பகுதியில், கையால் திருப்பும் பூட்டொன்றைப் பல வண்டிகள் பெற்றிருந்தன. போருக்குப்பின் எஞ்சிய ஜீப்புகளுக்காக ஆர்தர் வார்ன் 1948இல் செய்யத் தொடங்கிய பூட்டின் வழிவந்தது அது. பூட்டைத் திறந்தால் சக்கரம் மட்டும் தனியே உருளும். உள்ளிருக்கும் அரையச்சுகளும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களும் முன் உந்துதண்டும் அசையாமல் நிற்கும்.

எரிபொருளை மிச்சப்படுத்தப் பிறந்த இப்பூட்டை நான் ஆய்வுக் கருவியாகவே மதிக்கிறேன். முதலில் பூட்டைத் திறந்து இரு சக்கர இயக்கத்தில் ஓட்டுக. அப்போதும் ஒலி நீடித்தால், சக்கரத் தாங்கி (பேரிங்), தடை, டயர், தொங்கமைப்பு ஆகியவற்றுள் ஒன்றே குற்றவாளி. அடுத்துப் பூட்டை மூடி, இரு சக்கர இயக்கத்திலேயே ஓட்டுக. இப்போது அச்சின் உள்ளுறுப்புகள் சுமையின்றிச் சுழலும். இறுதியாக நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றினால் அவை சுமையோடு சுழலும். எந்தப் படியில் ஒலி தோன்றுகிறதோ, அந்தப் படியில் புதிதாக இயங்கத் தொடங்கிய உறுப்புகளுக்குள் தேடினால் போதும்.

இறுதிச் சோதனையை மணலிலோ தளர்ந்த மண்ணிலோ மட்டுமே செய்க. இவ்வண்டியில் முன்னச்சையும் பின்னச்சையும் பிரித்துச் சுழலவிடும் நடுப் பற்சக்கரத் தொகுதி கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவைக் கடக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் அந்த வேறுபாடு தண்டுகளில் முறுக்காகத் திரண்டு, டயர்கள் துள்ளி விடுபடும். அப்போது எழும் ஒலி பழுதன்று.

இனித் தனித்தனி ஒலிகள். சக்கரத்தில் உள்ள பேரிங் தேய்ந்தால் விரைவோடு உயரும் ரீங்காரம் கேட்கும். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கம் சாயும். அப்போது ரீங்காரம் மிகுந்தால் வலப் பேரிங்கை ஐயுறலாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை உறுதியான தாங்குகாலில் நிறுத்தி, முன்சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் துணைக்கு ஒருவரைத் தடையை மிதிக்கச் சொல்க. தடை சக்கரத்தை, அதைத் தாங்கித் திரும்பும் திருப்புமுட்டியோடு இறுகப் பிணைத்துவிடும். ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில். மறையாவிடில், திருப்புமுட்டியை மேலும் கீழும் தாங்கும் சிறு தாங்கிகளில்.

முழுவதும் திருப்பி மெல்லச் செல்கையில் எழும் டக்டக் ஒலியின் பிறப்பிடம் வேறு. அரையச்சின் முனையில் ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட மூட்டு உள்ளது. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா 1920களில் வகுத்த அமைப்பு இது; பட்டறைகளில் பிர்ஃபீல்டு என்பர். அதற்குமுன் வழங்கிய குறுக்குச்சிலுவை மூட்டில், தண்டுகள் 30 பாகை வளைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெளித்தண்டின் விரைவு 0.87 முதல் 1.15 மடங்கு வரை இருமுறை ஏறி இறங்கும். ரெசெப்பாவின் மூட்டில் குண்டுகள் எப்போதும் இரு தண்டுகளின் இடைக்கோணத்தைச் சரிபாதியாக வகிரும் தளத்திலேயே நிற்கும். ஆதலால் விரைவு மாறாது. இந்த எளிய வடிவியலை எண்ணும்போதெல்லாம் வியப்பு மீள்கிறது.

குண்டுகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்தால், பெரிய கோணத்தில் சுமையேறும்போது குண்டு இடம் துள்ளி ஒலிக்கும். திருப்புமுட்டியின் பின்புறத்தில் கரிய கிரீஸும் பற்சக்கர எண்ணெயும் கலந்து வழிந்திருந்தால், உள் எண்ணெய்த்தடுப்பு (சீல்) கிழிந்து மூட்டின் கிரீஸ் நீர்த்துவிட்டது என்று அறியலாம். அதைக் கண்டபின்னும் ஓட்டுவது மூட்டைக் கொல்வதாகும்.

மூட்டு உடையாமல் தேய்ந்து மட்டும் இருந்தால், இடமூட்டை வலத்துக்கும் வலமூட்டை இடத்துக்கும் மாற்றிப் பூட்டும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. முன்னோக்கிச் செல்கையில் சுமை ஏறிய பள்ளச்சுவர் ஓய்வுபெற, எதிர்ச்சுவர் சுமையை ஏற்கும். அதற்குமுன் பள்ளங்களைத் துடைத்து, விரிசல் இல்லையென விளக்கொளியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.